இளவரசனின் இரண்டாம் ஓட்டம்



இந்த இதழை இரண்டாம் பாகங்களுக்கென்று ஒதுக்குவதாக முடிவானதுமே ஆசிரியர் குழுவில் இடம் பிடிக்கும் போட்டி தொடங்கிவிட்டது. சினிமாவை ஒருவர் எடுத்துக்கொண்டார். நாவல்களை இன்னொருவர் வளைத்துப் போட்டார். ‘என்ன இருந்தாலும் முதல் பாகம் மாதிரி வருமா?’ என்கிற நம் ஊர்ப் பெருமூச்சை ஆராய்ந்தே ஒரு கட்டுரை வந்திருக்கிறது. உள்ளே இருக்கிறது, படியுங்கள். எனக்கு மிஞ்சியவை இந்த முன்பக்கங்கள்தாம். வீடியோ கேம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பக்க வடிவமைப்பாளர் மட்டும் தலையை நிமிர்த்தி, “எது சார், பிரின்ஸா?” என்றார். அதேதான்.

1990-களில் கம்ப்யூட்டர் சென்டர் படியேறியவர்களுக்கு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டாஸ் கட்டளை படிக்கப் போன இடத்தில், சொல்லிக்கொடுப்பவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து யாராவது ஃப்ளாப்பியைச் செருகுவார்கள். வெள்ளை உடுத்திய ஒருவன் திரையில் ஓடுவான், தாவுவான், விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குவான். சுற்றி நிற்பவர்கள் ‘இப்ப குதி, இப்ப குதி’ என்று உயிரை வாங்குவார்கள். ‘பிரின்ஸ் மெகாஹிட்’ என்று தட்டிவிட்டு நுழைந்தால் குறுக்குவழிகளெல்லாம் திறந்துகொள்ளும் என்ற ரகசியம், இணையம் இல்லாத காலத்தில் ஊருக்கு ஊர் எப்படித்தான் பரவியதோ! நகலெடுத்த ஃப்ளாப்பியில் ஆடியவர்களுக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகளுக்குக் கீழே குப்பிகள் வரிசையாக வைத்த ஓர் அறை வரும். கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ, அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். கையேட்டை யார் கண்டது?

மற்றவர்களுக்குக் கதைச் சுருக்கம். சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். அமைச்சன் ஜாஃபர் ஆட்சியைப் பிடித்துக்கொண்டு இளவரசிக்கு ஒரு மணி நேரம் கெடு வைக்கிறான்: என்னை மணந்துகொள், இல்லாவிட்டால் சாவு. அவள் காதலன் நிலவறையில் கிடக்கிறான். கையில் வாள் இல்லை, காலில் செருப்பும் இல்லை. பன்னிரண்டு கட்டங்களைத் தாண்டி அவன் கோபுரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கதைக்குள் ஓடும் அந்த ஒரு மணி நேரமும் நம் கைக்கடிகாரத்தின் ஒரு மணி நேரமும் ஒன்றே. செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம். ஆனால் ஓடிப்போன நிமிடங்கள் திரும்பி வராது. 60 நிமிடங்களுக்குள் ஆட்டம் முழுவதையும் முடித்தாக வேண்டும் என்றால், ஆட்டம் முழுவதும் மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

இதைச் செய்தவர் ஜோர்டான் மெக்னர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே 1984-இல் ‘கராத்தேக்கா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டுப் பெயர் வாங்கிவிட்டவர். 1985-இல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். அது வெளிவர 1989 ஆயிற்று. நான்கு ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி ஒரு மனிதனின் அசைவை மனித அசைவாகவே காட்டுவதற்குப் போனது. அவர் தம்பி டேவிட் அப்போது பள்ளி மாணவர். தம்பிக்கு வெள்ளை உடை போட்டு, நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஓடவிட்டு, தாவவிட்டு, சுவரில் தொங்கவிட்டு வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை டி.வி.யில் ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, திரையைச் சாதாரண கேமராவில் படம் பிடித்து, பிரிண்ட் போட்டு, கறுப்பு மை பேனாவாலும் வெள்ளை அழிப்பு மையாலும் உருவத்தின் விளிம்பைத் திருத்தி, ஜெராக்ஸ் எடுத்து, அதைக் கணினிக்குள் ஏற்றினார். கேட்கவே மூச்சு வாங்குகிறது. வாள்சண்டைக்குத் தம்பி போதவில்லை. 1938-இல் வந்த ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்தின் இறுதிச் சண்டையில் எரால் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் நேருக்கு நேர் நின்று மோதும் சில நொடிகள் இருக்கின்றன. அந்தச் சில நொடிகளிலிருந்துதான் ஆட்டத்தின் வாள்வீச்சு மொத்தமும் வந்தது. இசை அமைத்தவர் அப்பா பிரான்சிஸ் மெக்னர். தம்பி, அப்பா என்று ஏறக்குறைய ஒரு குடும்பத் தயாரிப்பு.

இவ்வளவு பாடுபட்டு உருவான அசைவுகள் ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தைத் தின்று தீர்த்தன. எதிரி என்று ஒருவனை வரைந்து வைக்கக்கூட இடமில்லை. சண்டையே இல்லாத ஆட்டமாக, பொறிகளைத் தாண்டித் தப்பிக்கிற ஆட்டமாகவே இருக்கட்டும் என்று மெக்னரும் மனத்தைத் தேற்றிக்கொண்டார். அவருடன் பணிபுரிந்த தோழி டோமி பியர்ஸ் விடவில்லை. சண்டை இல்லாமல் இது எப்படி ரசிக்கும் என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தார். இடமில்லை என்ற பதில் அவரிடம் எடுபடவில்லை. கடைசியில் மெக்னர் கண்டுபிடித்த வழி இதுதான்: இளவரசனின் படத்தை ஒரே ஒரு பிட் நகர்த்தி, அதை அசல் படத்தின் மேலேயே வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் புள்ளிகளை அழித்துவிடுவது. மிஞ்சுவது, விளிம்பு மட்டும் மினுங்குகிற ஓர் ஆவி உருவம். புதிதாக ஒரு படம் வரையவில்லை, நினைவகத்தில் இடம் கேட்கவில்லை, ஆனால் எதிரி கிடைத்துவிட்டான். அவன்தான் நிழல் மனிதன். பிறகு அங்கே இங்கே இடத்தை மிச்சம் பிடித்ததில் காவலர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் ஆட்டத்தை ஆடி முடித்தவர் எவரிடமாவது கேட்டுப் பாருங்கள், காவலர்களைப் பற்றிப் பேசமாட்டார்.

நான்காவது கட்டத்தில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி நிற்கிறது. ஓடிவந்து அதன் ஊடாகப் பாய வேண்டும். நாம் இந்தப் பக்கம் விழும்போது, அந்தப் பக்கம் ஒருவன் ஓடிப்போகிறான். அடுத்த கட்டத்தில் நமக்கான பெரிய மருந்துக் குப்பியை நம் கண்ணெதிரே அவன் குடித்துவிடுகிறான். அதற்கடுத்த கட்டத்தில், தாவிப் பிடிக்கப்போகும் நேரத்தில் கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் விழச் செய்கிறான். கடைசிக் கட்டத்தில் வாளோடு எதிரே வந்து நிற்கிறான். அவனைக் குத்தினால் குறைவது நம் உயிர். எத்தனை பேர் இங்கே விசைப்பலகையைக் குத்திக் குத்தியே தோற்றிருப்பார்கள்! செய்ய வேண்டியது ஒன்றுதான். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும். இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அதன் பிறகு பாதையே இல்லாத வெறும் வெளியில் கால் வைத்தால், காலுக்குக் கீழே தளம் முளைக்கிறது. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. 1989-இல் இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறோர் ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆப்பிள் 2 அந்திமக் காலத்தில் இருந்ததால் முதலில் விற்பனை மந்தம். 1990-இல் டாஸ் வடிவம் வந்தது, பிறகு ஜப்பானியக் கணினிகளுக்கு, 1992-இல் மேக் கணினிக்கு. அப்படியே உலகம் சுற்றியது. இரண்டாம் பாகம் கேட்காமல் விடுவார்களா?

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 2: தி ஷேடோ அண்ட் த ஃப்ளேம்’ 1993-இல் டாஸுக்கு வந்தது. முதல் பாகத்தை வெளியிட்ட அதே புரோடர்பண்ட் நிறுவனம்தான். இந்த முறை மெக்னர் நிரல் எழுதவில்லை. ஆட்டத்தை வடிவமைத்தார், நிறுவனத்தின் குழு அதைச் செய்து முடித்தது. கெடு 60 நிமிடத்திலிருந்து 75 நிமிடம் ஆயிற்று. பின்னணிகள் ஓவியமாய் விரிந்தன. இடையிடையே படங்களோடு கதை சொல்லும் காட்சிகள் சேர்ந்தன. இடம் போதாது என்று யாரும் கையைப் பிசைய வேண்டிய நிலை இல்லை.

தொடக்கத்தைப் பாராட்டாமல் தாண்ட முடியாது. ஜாஃபர் செத்தான் என்று ஊர் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. இளவரசியின் கையைப் பிடிக்க அரசவைக்குள் நுழைகிறான் நாயகன். நுழைந்ததும் அவன் உடை கந்தலாகிறது. அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவன் முகத்தையே அணிந்துகொண்டு வந்து நிற்கிறான் ஜாஃபர். பிச்சைக்காரனைப் பிடியுங்கள் என்கிறான். நம் கையில் ஆட்டம் வருகிற முதல் கணத்திலேயே காவலர்கள் சூழ்ந்துவிட்டார்கள். ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து, மொட்டைமாடிகள் வழியே ஓடி, துறையை விட்டுக் கிளம்பும் கப்பலைத் தாவிப் பிடிக்க வேண்டும். முதல் பாகம் நிலவறையின் இருட்டில் மெதுவாகத் தொடங்கியது. அதை ஆடிய எல்லோருக்கும் இந்தத் திறந்த வானம் ஒரு பரிசு. கண்ணாடியில் பிறந்த நிழல் முதல் பாகத்தில் நம் உருவத்தைத் திருடியது. இங்கே எதிரியே நம் உருவத்தைத் திருடிக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். தொடர்ச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் கப்பல் இடி விழுந்து உடைகிறது. முன்பின் அறியாத ஒரு தீவின் கரையில் கண் விழிக்கிறான். குகை, பறக்கும் கம்பளம், பாழடைந்த நகரம், பாம்புகள், அந்தரத்தில் பறந்து வரும் தலைகள், சிவப்புக் கோயில், பறவைத் தலை கொண்ட காவலர்கள். ஆயிரத்தோரு இரவுகளையும் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் ஆடத் தொடங்கினால் எங்கேயோ ஒரு நெருடல் வருகிறது. அது என்ன என்று எனக்குப் பிடிபட நாளாயிற்று.

முதல் பாகத்தில் நம்மைக் கொல்வது பெரும்பாலும் கட்டடம். காலடியில் ஆடி விழும் பலகைக்கல், தரையிலிருந்து கிளம்பும் முட்கள், தாடை போல அடித்து மூடும் இரும்புப் பற்கள், மிதித்தால் திறந்து விட்டால் இறங்கும் கதவுகள். ஒரு மாடி உயரம் விழுந்தால் பரவாயில்லை. இரண்டு மாடி என்றால் ஓர் உயிர்ப்புள்ளி போகும். மூன்று மாடி என்றால் ஆளே போய்விடுவான். சில நிமிடங்களில் இந்தக் கணக்கு நம் உடம்புக்குப் பழகிவிடுகிறது. டேவிட்டின் நிஜ ஓட்டத்திலிருந்து எடுத்த அசைவு என்பதால், அவன் வழுக்கினால் நம் அடிவயிறு கலங்குகிறது. நிற்க வேண்டும் என்று நினைத்தால் அவன் உடனே நிற்பதில்லை. இரண்டு அடி சறுக்கித்தான் நிற்பான். அந்த இரண்டடிக்குள் பள்ளம் இருந்தால் தீர்ந்தது. காவலர்கள் வருகிறார்கள்தான், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர். அந்த ஒருவரோடு நின்று, தடுத்து, வெட்டி, பின்வாங்கி ஆடுவது ஒரு தனி உரையாடல்.

இரண்டாம் பாகத்தில் கொல்வது ஆட்கள். முன்னே இருவர், பின்னே ஒருவர் என்று கூட்டமாக வருகிறார்கள். முதல் பாகத்தின் மூன்றாம் கட்டத்தில் தரையில் கிடக்கும் எலும்புக்கூடு திடீரென்று எழுந்து வாளோடு நிற்கும். எத்தனை முறை குத்தினாலும் சாகாது. தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும். ஆட்டம் முழுவதற்கும் அப்படி ஒன்றே ஒன்று. அதனால்தான் நினைவில் நிற்கிறது. இரண்டாம் பாகத்துக் குகையில் எலும்புக்கூடுகள் படையாக இருக்கின்றன. விழுந்து சிதறி, மறுபடி கூடி எழுகின்றன. முதல் இரண்டு முறை திகில். பிறகு சலிப்பு. சாம்பாரில் பெருங்காயம் மணக்கிறது என்று யாராவது டப்பாவையே கவிழ்ப்பார்களா?

முதல் பாகத்தின் எட்டாம் கட்டத்தில் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. கதவு மூடிவிட்டது, திறக்க வழியில்லை. காத்திருந்தால், இளவரசி அனுப்பிய வெள்ளை எலி ஒன்று ஓடிவந்து பொத்தான் கல்லை மிதித்துக் கதவைத் திறந்துவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். கோபுரத்தில் பூட்டிக்கிடக்கும் பெண்ணுக்கு இந்தக் கதையில் கிடைத்த ஒரே செயல் அது. இரண்டாம் பாகத்தில் இடைக்காட்சிகள் நிறைய இருந்தும் அவள் நோயில் படுத்துக் கிடப்பதைத்தான் பார்க்கிறோம். எலி அளவுக்குக்கூட அவளுக்கு வேலை இல்லை. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்படிச் சொல்லிவிட்டு ‘முதல் பாகமே உசத்தி’ என்று முடித்துவிடலாம். ஆனால் அது நியாயமில்லை. இரண்டாம் பாகம் செய்திருக்கிற ஒரு காரியத்தை முதல் பாகத்தால் செய்திருக்கவே முடியாது.

முதல் பாகத்தை மறுபடி கவனியுங்கள். அதன் நாயகன் இளவரசனே அல்ல! ஊர் பேர் தெரியாத அந்நிய தேசத்து இளைஞன். சுல்தானின் மகளை நேசித்த குற்றத்துக்காக நிலவறையில் கிடப்பவன். அவளை மீட்டு, மணம் செய்துகொண்டால் வேண்டுமானால் இளவரசன் ஆவான். பெட்டியின் மேல் போட்டிருக்கும் பட்டம் கடன் வாங்கியது. இதை 1989-இல் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இரண்டாம் பாகம் கேட்கிறது. பாழடைந்த நகரத்தில் ஒரு பெண்ணின் உருவம் அவன்முன் தோன்றுகிறது. அவள் அவன் தாய். அழிந்துபோனது அவன் அப்பாவின் நகரம் என்று அப்போதுதான் அவனுக்கும் நமக்கும் தெரிகிறது. நாம் தாண்டி வந்த இடிபாடுகள் வெறும் ஆட்டக் களம் அல்ல, அவன் பிறந்த வீடு. கந்தலைக் கட்டிக்கொண்டு துரத்தப்பட்ட பிறகுதான் அவன் உண்மையிலேயே இளவரசன் என்று தெரியவருகிறது. முதல் பாகத்தின் தலைப்பு இரண்டாம் பாகத்தில்தான் பொருள் பெறுகிறது.

நிழலுக்கும் அதே மாதிரி ஒரு வளர்ச்சி. முதல் பாகத்தில் திருடி, ஏமாற்றி, எதிர்த்து, கடைசியில் நம்மோடு ஒன்றிய அதே நிழல், சிவப்புக் கோயிலில் நம் உடலை விட்டுப் பிரிந்து போய்ப் புனிதச் சுடரை எடுக்கிறது. அந்தச் சுடரால்தான் ஜாஃபரை எரிக்க முடிகிறது. நினைவகம் போதாத கணினியில் ஒரு பிட் தள்ளிவைத்துச் செய்த சமாளிப்பு, நான்கு வருடம் கழித்து ஒரு கதையின் முதுகெலும்பாகிவிட்டது. தலைப்பிலேயே இடம் பிடித்துவிட்டது. கூட்டமாய் வரும் காவலர்களையும் பறக்கும் தலைகளையும் மறந்துவிடலாம். இதை மறக்க முடியாது. என் தீர்ப்பைக் கேட்டால், ஆடுவதற்கு முதல் பாகம், அசைபோடுவதற்கு இரண்டாம் பாகம். எங்கள் பக்க வடிவமைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பாகமே இரண்டுக்கும் போதும் என்கிறார்.

அவர் கட்சிக்கு வலு சேர்க்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாகம் முடியாமல் முடிகிறது. எல்லாம் சுபம் என்று நினைக்கும்போது ஒரு கிழவி மந்திரக் கோளத்தில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யார் அவள், என்ன வஞ்சம்? பதில் வரவே இல்லை. 1999-இல் வேறொரு குழு செய்த முப்பரிமாண ஆட்டம் அந்தக் கிழவியைச் சீண்டவில்லை. அது எடுபடவும் இல்லை. மெக்னரோ இடையில் 1914-இன் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒரு கதையை ஓட்டப் போய்விட்டார். 1997-இல் வந்த ‘தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்’. அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் தனி இதழே வேண்டும்.

2003-இல் யூபிசாஃப்டின் மான்ட்ரியல் குழு ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ செய்தது. கதை எழுத மெக்னர் திரும்பி வந்தார். விழுந்தால் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றி மறுபடி தாவலாம் என்ற அந்த ஒரே யோசனை, பழைய கெடுவையும் பழைய விழும் பயத்தையும் புது விதமாக முடிச்சுப் போட்டது. அடுத்த ஆண்டே அதற்கும் ஓர் இரண்டாம் பாகம்: ‘வாரியர் விதின்’. மெக்னர் அதில் இல்லை. ஆட்டம் இருண்டது, இளவரசன் முறைத்துக்கொண்டே திரிந்தான், ரத்தம் கொட்டியது. அந்தப் போக்கும் வன்முறையும் தனக்குப் பிடிக்கவில்லை என்று மெக்னர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆனால் அங்கேயும் பாருங்கள், காலத்தோடு விளையாடியதற்காக ஒரு பூதம் அவனை விடாமல் துரத்துகிறது. முதல் பாகத்தில் நாம் ஜாலியாக அழுத்திய பொத்தானுக்கு இரண்டாம் பாகம் பில் போட்டுக் கொடுக்கிறது. ஆட்டம் முரடு, யோசனை கெட்டி. 1993-இன் ஜாதகமேதான்.

2024 ஜனவரியில் வந்த ‘தி லாஸ்ட் க்ரௌன்’ மறுபடி பக்கவாட்டுப் பார்வைக்கே திரும்பியிருக்கிறது. பழையவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இப்போது ஆட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெக்னர் எழுதிய மூல நிரல் பல காலம் காணாமல் போயிருந்தது. 2012-இல் அவர் அப்பா, வீட்டில் ஒரு பெட்டிக்குள் பழைய ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்து அனுப்பினார். பழைய கணினிகளைப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் அவற்றிலிருந்து நிரலை மீட்டார்கள். மெக்னர் அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார். அந்த நான்கு ஆண்டு நாட்குறிப்புகளும் புத்தகமாக வந்திருக்கின்றன. எழுத்து வேலை செய்பவர்கள் யாராக இருந்தாலும் படிக்கலாம். மனிதர் பாதி நாள் இதை விட்டுவிட்டு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போய்விடலாமா என்றுதான் புலம்புகிறார். டாஸ் வடிவத்தை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உலாவியிலேயே ஆடலாம். வீட்டில் பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாடி விழுந்தால் செத்துவிடுவான் என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ஆடிப் பார்த்துவிட்டு முதல் பாகமா, இரண்டாம் பாகமா என்று எழுதுங்கள். வடிவமைப்பாளர் எத்தனை கடிதம் அவர் பக்கம் விழுகிறது என்று எண்ணக் காத்திருக்கிறார். ஜாஃபரைக் கொன்றுவிட்டேன் என்று எழுதுபவர்கள், ‘மெகாஹிட்’ போட்டுக் கொன்றதா, போடாமல் கொன்றதா என்பதையும் மறைக்காமல் குறிப்பிடவும்.

அன்புடன்,
ஆசிரியர்